நாலாம் நம்பர் மிஷினில் மூன்று எலுமிச்சம்பழம்

மில்லில் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில், மிஷின்களில் கட்டியிருந்த எலுமிச்சம்பழங்களை எல்லாம் அறுத்தெடுத்துக் குப்பையில் கொட்டச் சொன்னேன். ஒரு கூடை தேறியது. நான் படித்தவள் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, கூடைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ வேறு எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தோப்புகளில் தேங்காய் உரிக்கிறவர். அம்மா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அதே வருஷம் நூல் மில்லுக்குப் போக ஆரம்பித்தவள், இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள். நான் இன்ஜினியரிங் முடித்து, அதன்மேல் தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு ஒரு டிப்ளமோவும் முடித்து, அம்மா வேலை பார்க்கிற அதே மில்லில்தான் சேர்ந்தேன். நேர்காணலில் ஏன் இந்த மில் என்று கேட்டபோது எதிர்காலம், வளர்ச்சி என்றெல்லாம் பேசினேன். உண்மையான காரணம் அம்மாவின் பத்து விரல்கள்.

எங்கள் தெருவில் மில்லுக்குப் போய் வந்த கைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். எதிர்வீட்டு அத்தைக்கு வலது கையில் மூன்றரை விரல். எந்த மில்லில் போனதோ, அந்த அரை விரலை வைத்துத்தான் எங்களுக்கெல்லாம் கிச்சுக்கிச்சு மூட்டுவார். சிரித்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவின் விரல்களை எண்ணிப் பார்ப்பேன். பத்து இருக்கும். அப்புறம்தான் சோறு இறங்கும்.

சாணார்பட்டிப் பக்கமிருந்து மில் வண்டி எங்கள் இருவரையும் ஒரே இடத்தில்தான் ஏற்றிக்கொள்ளும். ஆனால் அம்மா என் பக்கத்தில் உட்கார மாட்டாள். கடைசி சீட்டுக்குப் போய்விடுவாள்.

"ஏக்கா, ஒன் மக முன்னால தனியா ஒக்காந்திருக்கு, போய் ஒக்காரேன்" என்று யாராவது சொன்னால், "அது யாரோ மேடம். நமக்கு எதுக்கு பெரிய எடத்துச் சகவாசம்?" என்பாள். வண்டி முழுக்கச் சிரிப்பு எழும். நான் சன்னல் வழியே தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

மில்லுக்குள் பேசினால் கேட்காது. மிஷின் சத்தம் அப்படி. அதனால் உள்ளே எல்லோருக்கும் கைதான் வாய். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. மணிக்கட்டைத் தட்டினால் ஷிப்ட் முடிகிறது. மீசையை முறுக்கினால் சூப்பர்வைசர் வருகிறார். நான் சேர்ந்த மூன்றாம் நாளே எனக்கும் ஒரு சைகை பிறந்திருந்தது. ஆள்காட்டி விரலால் இல்லாத மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட வேண்டும். நான் கதவைத் திறப்பதற்குள் அந்தச் சைகை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தாவிக் கடைசி மிஷின் வரை போய்விடும். நான் உள்ளே போய்ப் பார்க்கும்போது எல்லா மூடியும் மூடியிருக்கும், எல்லாத் தலையிலும் தொப்பி இருக்கும், எல்லா முகத்திலும் ஒரு பக்தி இருக்கும்.

என்னுடைய முதல் திட்டம் புகார்ப் பெட்டி. மிஷினில் எங்கே ஆபத்து இருக்கிறது என்று அதில் வேலை பார்க்கிறவருக்குத்தான் தெரியும், அவர்கள் பயமில்லாமல் சொல்ல வழி வேண்டும் என்று படித்திருந்தேன். பச்சை பெயின்ட் அடித்த பெட்டி. பூட்டு டவுன் கடையில் வாங்கியது. கள்ளச்சாவி போட்டால் கை ஒடியும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். 'பெயர் எழுத வேண்டாம், குறையை மட்டும் எழுதுங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தேன். உள்ளே ஒரு ஹேர்பின், இரண்டு பஸ் டிக்கெட், 'கேன்டீன் சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடித்தால் பரிசு உண்டா' என்று ஒரு சீட்டு, 'மேடம் கொஞ்சம் சிரிக்கவும்' என்று இன்னொரு சீட்டு, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்று. உறையின் மேல் 'பெட்டி அவர்களுக்கு, குடும்பத்துடன்' என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன்.

"பொட்டிய எங்க மாட்டிருக்க?" என்றாள் வெங்காயம் உரித்துக்கொண்டே.

"டைம் ஆபீஸ் வாசல்லம்மா. எல்லாரும் தாண்டிப் போற எடம்."

"அதுக்கு மேல என்னா இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். கேமரா இருந்தது.

"மேல கேமரா, கீழ பொட்டி. திருடன்கூட அம்புட்டுத் தைரியமா வர மாட்டான், சீட்டுப் போட எவ வருவா? அதுலயும் எழுதத் தெரிஞ்சவ எத்தன பேருன்னு நெனச்ச? ஒடிசாப் புள்ளைக வேற பாதி. அதுக எந்தப் பாஷையில எழுதும்?"

"அப்ப நீயே சொல்லேன். ஒன் மிஷின்ல என்ன கொற?"

"எம்மிஷினுக்கு என்னா? ராசாத்தி மாதிரி ஓடுது" என்றாள். உடனே வெங்காயம் கண்ணைக் கரிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

அன்று அவள் கையில் ஒன்றைக் கவனித்தேன். மோதிர விரலுக்கு மட்டும் மருதாணி வைத்திருந்தாள், நகமே தெரியாத அளவுக்குக் கருஞ்சிவப்பாக. கேட்டதற்கு, "அரைச்சது அம்புட்டுத்தான்" என்றாள். என் வழக்கப்படி எண்ணிப் பார்த்தேன். பத்து இருந்தது. விட்டுவிட்டேன்.

எலுமிச்சம்பழத்தை ஒழித்தது அதற்கு அடுத்த வாரம். வெளிநாட்டிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். மிஷின்களின் பக்கவாட்டில், காலுக்கு மேலே, மில் நூலில் கோத்த எலுமிச்சம்பழங்கள் அங்கங்கே தொங்கின. வாசலில் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வைக்கிற பழம் வேறு, இவை வேறு. யார் கட்டினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சில பழங்கள் பச்சையாக, சில மஞ்சளாக, சில காய்ந்து கறுத்துப் பஞ்சு படிந்து, நரைத்த கிழவர்களைப்போல இருந்தன. மூடநம்பிக்கை என்று முடிவு கட்டினேன். 'முன்', 'பின்' என்று நிர்வாகத்துக்கு அறிக்கை தர வேண்டுமே, அதனால் ஒவ்வொரு பழத்தையும் மிஷின் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிட்டு அறுக்கச் சொன்னேன். கூடவே ஒரு நோட்டீசும் டைப் அடித்து ஒட்டினேன். அதன் மூன்றாவது வரி இது: பாதுகாப்பு விதியை மீறி மிஷினைக் கையாள்பவர் மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார். அந்த வரியின் கம்பீரத்தை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

அன்று வண்டியில் யாரும் சிரிக்கவில்லை. வீட்டில் அம்மா சோறும் ரசமும் மட்டும் வைத்தாள்.

"வெஞ்சனம் இல்லையா?"

"அறுத்துக் குப்பையில கொட்டியாச்சு" என்றாள்.

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தபோது, விளக்கு மாற்ற வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் ஏணியில் நின்றபடி எட்டிப் பார்த்தார்.

"அட, ஏழாம் நம்பர் சிம்ப்ளெக்ஸ். போன மாசம் ஷாக் அடிச்சதே, அந்த மிஷினு" என்றார்.

"எனக்கு யாரும் சொல்லலியேண்ணே?"

"எங்கிட்டயும் சொல்லல. பழம் தொங்குச்சு, என்னன்னு டெஸ்டர வச்சுப் பாத்தேன், லைட்டு எரிஞ்சுச்சு. ஒயர மாத்துனேன்."

நான் அடுத்த போட்டோவைக் காட்டினேன். அவர் ஒரு படி இறங்கினார். "இது பெல்ட்டுக்கு மூடி இல்லாத மிஷினு." இன்னொன்று. "இங்கிட்டுத் தரை எண்ணெ. ஒரு ஒடிசாப் புள்ள வழுக்கி விழுந்துச்சே." இன்னொன்று. அவர் ஏணியை விட்டே இறங்கி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். காய்ந்த பழம் பழைய கோளாறு, பச்சைப் பழம் புதுக் கோளாறு. ஒரு மிஷின் யாரையாவது கடிக்கப் பார்த்தால், பயந்தவர் மறுநாள் ஒரு பழத்தைக் கட்டிவிடுவார். பக்கத்து ஷிப்டில் வருகிறவர் அதைப் பார்த்துக் கையைப் பத்திரமாக வைத்துக்கொள்வார். எழுத்து வேண்டாம், தமிழ் வேண்டாம், பெயர் வேண்டாம். என் பச்சைப் பெட்டி செய்ய வேண்டிய வேலையை எனக்கு முன்னாலேயே ஒரு காய் செய்துகொண்டிருந்தது. அதைத்தான் நான் கூடையோடு கொட்டி, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்திருக்கிறேன்.

"மேடம், மொகம் ஏன் இப்பிடிப் போச்சு? அதான் போட்டோ எடுத்து வச்சிருக்கீகள்ல" என்று அண்ணன் தேற்றினார்.

கடைசி போட்டோவில் ஒரே மிஷினில் மூன்று பழங்கள் இருந்தன. ஒன்று காய்ந்தது, ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. பஞ்சுக் கயிறுகளை உருளைகளுக்கு இடையே விட்டு இழுக்கிற டிராயிங் மிஷின், நாலாம் நம்பர். அம்மாவின் மிஷின்.

ஓடினேன். வழக்கம்போல எனக்கு முன்னால் மூக்குக் கண்ணாடிச் சைகை ஓடியது. போய்ப் பார்த்தால் நாலாம் நம்பர் உண்மையிலேயே ராசாத்தி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல்மூடியைத் திறந்தால் உருளைகள் அந்தக் கணமே நிற்க வேண்டும். மூடியில் ஒரு காந்தம், சட்டத்தில் அதை உணர்கிற சுவிட்ச். காந்தம் விலகினால் மிஷின் நிற்கும். நானே திறந்தேன். நின்றது. மூடினேன். ஐந்து முறை சோதித்தேன், ஐந்து முறையும் நின்றது. அம்மா பக்கத்தில் நின்று, தெரியாத மேடத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கண்ணில் படாத ஒன்றைக் கடைசியில் எங்கள் வீட்டுப் பீரோ காட்டிக்கொடுத்தது.

பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டு நான் எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று இருக்கிறது. அம்மா அதைச் சட்டம் போட விடவில்லை. இரும்புப் பீரோவின் கதவில், பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு கறுப்புக் காந்தத்தை வைத்து ஒட்டியிருந்தாள். ஆனால் வேலை நாட்களில் போட்டோ பீரோவில் இருக்காது. சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். கேட்டால், "வர்றவ போறவ கண்ணு படும்" என்பாள். அம்மாவின் வார விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் பீரோவில் ஜம்மென்று நிற்பேன். என் அழகுக்குத் திருஷ்டி பயம் என்று நானும் பெருமையாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்று பழம் பார்த்த மறுநாள் ஞாயிறு. பல் தேய்த்துக்கொண்டே பீரோவில் நிற்கிற என்னைப் பார்த்தேன். என் தொப்பிக்கு மேலே இருந்த காந்தத்தைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது.

எங்கள் வீட்டில் பஞ்சு ஏது?

சுவிட்சின் மேல் வேறொரு காந்தத்தை ஒட்டிவிட்டால், மூடி திறந்தாலும் மூடியிருப்பதாகவே மிஷின் நம்பும். உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். கையை உள்ளே விட்டுச் சிக்கிய பஞ்சை எடுக்கலாம். கண்ணாடிச் சைகை வந்ததும் காந்தத்தை எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொள்ளலாம். என் பட்டத்தைத் தாங்கிப் பிடித்த காந்தம் வாரத்தில் ஆறு நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தது.

வாயைக் கொப்பளிக்காமலே காந்தத்தைக் கழற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். "அம்மா, விரலக் காட்டு."

"காலங்காத்தால என்னா ஜோசியமா?"

மோதிர விரலைப் பிடித்துப் பார்த்தேன். மருதாணி மங்கிய இடத்தில் பாதி நகம் இல்லை.

"நகம் மட்டுந்தான்டி" என்றாள் அம்மா. "வளந்துரும்."

"இதுக்குத்தான் மூணாவது பழமா?"

நான் காந்தத்தை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தேன். அது 'டக்' என்று இரும்புச் சாரணிக் கரண்டியில் போய் ஒட்டிக்கொண்டது. இருவருக்குமே சிரிப்பு வந்தது, இருவருமே அடக்கிக்கொண்டோம்.

"மூடியத் தொறந்தா மிஷினு நிக்குது, சரி" என்றாள் அம்மா. "ஒவ்வொரு தடவ நின்னாலும் மிஷினுல இருக்குற அந்த டிவில ஒரு நம்பர் ஏறுதுல்ல? சாயங்காலம் சூப்பர்வைசரு அந்த நம்பரத்தான் பாக்குறாரு. எம்மிஷினு ஒரு ஷிப்டுக்கு முப்பது தடவ சிக்கும். பஞ்சு உறிஞ்சுற குழாயி கீழ கிழிஞ்சு கெடக்கு. ஃபிட்டருகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். பாக்கலாம்க்கா, பாக்கலாம்க்கான்னாரு. அவரு பாக்கவே இல்ல."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்னா கேப்ப? இத்தன நாளு எப்பிடிம்மா ஓட்டுனன்னு கேப்ப. காந்தத்தக் காட்டணும். மூணு நாளு நிறுத்துவேன்னு நீதான நோட்டீசு ஒட்டிருக்க? ஒனக்கு எழுதத் தெரியும், எழுது. எம்பேரையே மொதல்ல எழுது. மகளே ஆத்தாள வெளிய அனுப்பிட்டான்னு ஊரே மெச்சும்."

என் கம்பீரமான மூன்றாவது வரி அடுப்படியில் வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. பயமில்லாமல் சொல்லுங்கள் என்று ஒரு சுவரிலும், சொன்னால் தொலைந்தீர்கள் என்று எதிர்ச் சுவரிலும் ஒட்டியவள் நான்தான். இதற்கு ஒரு டிப்ளமோ வேறு.

காந்தத்தைச் சாரணியிலிருந்து பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். "நாளைக்கு இது ஒனக்குக் கெடையாது."

"அப்ப நாளைக்கு முப்பது தடவ நிக்கும்."

"நிக்கட்டும்."

"சூப்பர்வைசரு என்னைய வாயில போட்டு மெல்லுவாரு."

"மெல்லட்டும். விரலு இருக்கும்ல."

திங்கட்கிழமை மிஷின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே மேனேஜர் அறையில் நின்றேன். மேஜைமேல் என் பச்சைப் பெட்டிக்கு வந்த கல்யாணப் பத்திரிகையை வைத்தேன். பக்கத்தில் எலுமிச்சம்பழப் போட்டோக்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன கோளாறு என்று எழுதிய தாளையும் வைத்தேன். மேனேஜர் வெகுநேரம் பார்த்தார்.

"என்ன கேக்குறீங்க?"

"எலுமிச்சம்பழத்தத் திரும்பக் கட்ட விடணும் சார். கேன்டீன் பக்கத்துல ஒரு கூடை வைப்போம், அங்க கேமரா கெடையாது. பழம் தொங்குனா ஃபிட்டர் அன்னைக்கே வந்து பாக்கணும். சரியாகுற வரைக்கும் மிஷின் ஓடக் கூடாது, அந்த நேரம் நிறுத்தக் கணக்குல ஏறக் கூடாது. யார் கட்டுனதுன்னு யாரும் கேக்கக் கூடாது. தானே ஏதாச்சும் குறுக்கு வழி செஞ்சிருந்தா, சொல்றவங்களத் தண்டிக்கக் கூடாது."

"நாம மில்லு நடத்துறமா, மாரியம்மன் கோயில் நடத்துறமா?"

"கோயில்னா குறையச் சொல்ல ஆள் வரிசையில நிக்கும் சார். நம்மகிட்டத்தான் ஒருத்தரும் வரல."

அவர் பத்திரிகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாப்பிள்ள நம்ம குடோன் பையனாச்சே. எனக்கு வைக்கல, பெட்டிக்கு வச்சிருக்கான்" என்றார் வருத்தமாக. அந்த வருத்தம் எனக்கு உதவியது என்று நினைக்கிறேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். வெளியே வந்து மூன்றாவது வரியை என் கையாலேயே கிழித்தேன். நோட்டீசின் நடுவில் ஒரு ஓட்டை விழுந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்பது மணிக்குக் கூடையை வைத்தோம். கேன்டீன் இடைவேளையில் ஒலிபெருக்கியில் விஷயத்தைச் சொன்னேன், ஒடிசாப் பெண்களில் தமிழ் தெரிந்த ஒருத்தி அவர்கள் பாஷையில் சொன்னாள். எல்லோரும் கேட்டார்கள். எல்லோரும் டீ குடித்தார்கள். ஒருவரும் கூடைப் பக்கம் திரும்பவில்லை.

"நல்ல பழமா இருக்கு மேடம், சாத்துக்குடியா?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்.

பத்து மணி. பதினொன்று. டிராயிங் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நம்பர் சிக்கியது. அம்மா மூடியைத் திறந்தாள், மிஷின் நின்றது, பஞ்சை எடுத்தாள், மூடினாள், ஓட்டினாள். மறுபடி சிக்கியது. மறுபடி. திரையில் நம்பர் ஏறியது. சூப்பர்வைசர் மீசையோடு வந்தார். சத்தத்தில் அவர் சொன்னது கேட்கவில்லை. கை மட்டும் திரையைக் காட்டியது, அம்மாவைக் காட்டியது, மறுபடி திரையைக் காட்டியது. அம்மா தலையைக் குனிந்து நின்றாள். என் கை தானாகக் கைப்பைக்குள் போய்க் காந்தத்தைத் தொட்டது. கொடுத்துவிடலாமா என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் தோன்றியது.

சூப்பர்வைசர் நகர்ந்ததும் அம்மா ஓவர்கோட்டைக் கழற்றி மிஷின்மேல் போட்டாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, என்னைத் தாண்டி நேராகக் கேன்டீனுக்கு நடந்தாள். கூடையில் கையை விட்டாள். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி நாலைந்து பழங்களை அமுக்கிப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டாள். யார் கட்டுவது என்று தெரியாமல் ரகசியமாகக் கட்டத்தான் நான் இத்தனை ஏற்பாடும் செய்திருந்தேன். அம்மா அதை எல்லோரும் பார்க்கத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தீச்சட்டி எடுக்கிறவளைப்போல நடந்து போய், நாலாம் நம்பரில் கட்டினாள். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

மிஷின் நின்றது. எனக்குத் தெரிந்து அந்தப் பிரிவில் ஒரு மிஷினை வேலை பார்க்கிறவரே நிறுத்திவைத்தது அன்றுதான்.

ஃபிட்டர் வந்தார். கீழே படுத்து, கிழிந்த குழாயை வெளியே இழுத்துப்போட்டார். அதிலிருந்து கொட்டிய பஞ்சில் ஒரு தலையணை தைக்கலாம். "இதுதானாக்கா? மொதல்லயே சொல்லிருந்தா..." என்று ஆரம்பித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். முக்கால் மணி நேரத்தில் புதுக் குழாய் மாட்டினார். அதற்குப் பிறகு அந்த ஷிப்டில் நாலாம் நம்பர் நின்றது இரண்டே முறைதான். பழத்தை அம்மாவே அவிழ்த்தாள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது கூடையில் பாதிதான் இருந்தது. ஒரு பழம் மேனேஜர் அறைக்குப் போகிற மாடிப்படியின் ஆடுகிற கைப்பிடியில் தொங்கியது. இன்னொன்று என் பச்சைப் பெட்டியில் தொங்கியது. அதற்கு மேலேயிருந்த கேமராதான் கோளாறு என்று எனக்கு விளங்கியது.

வண்டியில் அன்றும் அம்மா கடைசி சீட்டுக்குத்தான் போனாள்.

"ஏக்கா, முன்னாடி இருக்குற மேடம் யாருன்னு இப்பவாச்சும் தெரியுதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. "மூஞ்சியப் பாத்தா நல்ல குடும்பத்துப் புள்ள மாதிரிதான் தெரியுது."

வீட்டுக்கு வந்ததும் கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதிவிட்டு, முந்தானையில் துடைத்து, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து என்னை எடுத்துப் பீரோவில் நிறுத்தினாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

"இனிமே தெனமும் இந்தத் தொப்பிக்காரி மொகத்துலதான் முழிக்கணுமா?" என்றாள்.

பீரோவைத் தொட்டுக்கொண்டிருந்த அவள் கையைப் பார்த்தேன். மோதிர விரலில் புது நகம் பிறை மாதிரி எட்டிப் பார்த்தது. அன்று திங்கட்கிழமை.